சம்பாதித்துப் போடுகிறவர்கள்

2024 ஜூன் 4 அன்று இந்த நாட்டில் இரண்டு முடிவுகள் வெளியாயின. பகல் முழுக்க மக்களவைத் தேர்தல் வாக்குகளை எண்ணினார்கள். ஜூன் 14ஆம் தேதி வரவேண்டிய நீட் தேர்வு முடிவும் பத்து நாள் முந்தி அன்றைக்கே வந்தது. தேர்தலில் சுமார் 64 கோடிப் பேர் வாக்களித்திருந்தார்கள். அவர்களில் 31 கோடிக்கும் அதிகமானோர் பெண்கள். பட்டமோ சொத்தோ சம்பளச் சீட்டோ யாரும் காட்டவில்லை; பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதுமானதாக இருந்தது. நீட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தகுதி பார்த்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அந்த வரிசையின் உச்சியில் 67 பேர் 720க்கு 720 வாங்கி நின்றார்கள். பிறகு 1,563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றதும், வினாத்தாள் கசிந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் நமக்குத் தெரியும். அந்தக் கோடையில் 'தகுதி' என்ற சொல் நாடெங்கும் அடிபட்டது. மதுரையில் அது வேறொரு பக்கமாகவும் திரும்பியது.

தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் திமுக கூட்டணி வென்றது. மதுரையில் சு. வெங்கடேசன் இரண்டாம் முறையாக வென்றார். நாட்டளவில் பாஜக 240 இடங்களோடு நின்று கூட்டணித் துணையால் ஆட்சி அமைத்தது. எதிர்பார்த்தது நடக்காதபோது தோற்றவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டியிருக்கும். அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதி மக்களை நன்றி கெட்டவர்கள் என்று சமூக ஊடகங்களில் ஏசினார்கள். இங்கே விளக்கம் சுருக்கமாக வந்தது: "ஆயிரம் ரூவாய்க்கும் ஓசி பஸ்ஸுக்கும் போட்ட ஓட்டு. எல்லாம் நம்ம வரிப்பணம்." கே.கே. நகர், அண்ணாநகர்ப் பக்கம் காலை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களிடமும், கல்லூரி ஓய்வறைகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸப் குழுக்களிலும் இதைக் கேட்காதவர் குறைவு. வேறு ஊர்களிலும் இதையே சொல்லியிருப்பார்கள். சொன்னவர்களில் படித்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதால்தான் அதைப் பற்றி இந்தத் தொகுப்பில் எழுத வேண்டியிருக்கிறது.

இதை ஒரு கட்சிக்காரர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 செப்டம்பரில் கட்டணமில்லாப் பேருந்தில் போகும் பெண்களைப் பார்த்து 'ஓசி' என்ற சொல்லை மேடையில் வீசியவர், அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த அரசின் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி. 2024 மார்ச்சில் மகளிர் உரிமைத்தொகையைப் 'பிச்சை' என்று குறிப்பிட்டுக் கண்டனத்துக்கு ஆளானவர் பாஜகவின் குஷ்பு. அப்போது அவர் தேசிய மகளிர் ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தார். கொடுக்கிற கட்சிக்கும் எதிர்க்கிற கட்சிக்கும் நாக்கில் ஒரே வகைச் சொல்தான் வந்தது.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தேட நாம் சட்டமன்றத்துக்குப் போகவேண்டியதில்லை. நம் வீட்டு அடுப்படியே போதும். "நான் சம்பாதிச்சுப் போடுறேன், நீ உக்காந்து திங்கிற." இந்த வாக்கியத்தை நேராகவோ சாடையாகவோ கேட்காத தமிழ்ப் பெண் இருப்பாளா? காய்கறிக்குக் கணக்குக் கேட்கும்போதும், தாய்வீட்டுக்குப் போகப் பேருந்துக் காசு கேட்கும்போதும், வேலைக்குப் போகிறேன் என்று வாய் திறக்கும்போதும் அது வரும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. சம்பளம் உண்மையிலேயே அவர் கையில்தான் வருகிறது. அந்தச் சம்பளம் எப்படிச் சாத்தியமாயிற்று என்கிற மீதிக் கதையை வாக்கியம் விழுங்கிவிடுகிறது. அவர் சட்டையைத் துவைத்தது யார், டிபன் பாக்ஸைக் கட்டியது யார், அவருடைய அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார் என்பதெல்லாம் அதில் கிடையாது. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்களுக்கு 97. அந்த 299 நிமிடமும் நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் சேர்வதில்லை. அதனால் அதற்கு வரியும் கிடையாது, 'வரி கட்டுபவர்' என்ற பட்டமும் கிடையாது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய ஒரு தீர்ப்பு இந்த இடத்தைத் தொட்டது. கணவர் சவுதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியவர். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தியவர். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து முழுக்கத் தன்னுடையது என்பது கணவர் தொடுத்த வழக்கு. மனைவியின் வீட்டுப் பராமரிப்பு இல்லாமல் கணவர் அந்தப் பணத்தைச் சேர்த்திருக்க முடியாது, ஆகவே சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. செய்தி வந்த அன்று நம்மில் பலர் அதை மகிழ்ச்சியோடு பகிர்ந்தோம். பகிர்ந்தவர்களில் சிலர் அடுத்த ஆண்டு ஜூனில் "எங்க வரிப்பணம்" என்றும் எழுதினார்கள். முதலில் பகிர்ந்ததும் பிறகு எழுதியதும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. வீட்டில் கணவன் சொல்லும்போது நமக்கு அநியாயமாகப் படுகிற வாக்கியத்தையே நாட்டளவில் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே சம்பாதித்துப் போடுகிற ஆம்பளையின் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்து தின்கிறவளாக இன்னொரு பெண்ணை ஆக்கிவிட்டோம்.

அந்த இன்னொரு பெண்ணைக் கொஞ்சம் பார்ப்போம். மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டை சாலையில் வலையன்குளம், எலியார்பத்திப் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள் உண்டு. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் விடியுமுன்னே பெண்கள் காட்டுக்குள் இறங்குவார்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் பூ போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் வீடு திரும்பிச் சமைப்பார்கள். பறிக்கிற எடைக்குக் கூலி. பூ இல்லாத மாதத்தில் கூலி இல்லை. வருமான வரித் துறைக்கு இவர்களைத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் 299 ரூபாய்க்குச் செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய்க்கு மேல் வரி. சிலிண்டருக்கு 5 விழுக்காடு. 2022 ஜூலையிலிருந்து பையில் அடைத்து முத்திரை இட்ட அரிசிக்கும் மாவுக்கும் 5 விழுக்காடு. சோப்பு, பற்பசை, ஷாம்பு எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22 வரை 18 விழுக்காடு கட்டினார். இப்போது 5 கட்டுகிறார். மாதவிடாய் நாப்கினுக்குக்கூட 2018 ஜூலை வரை 12 விழுக்காடு இருந்தது, பெண்கள் போராடித்தான் அதை நீக்க வைத்தார்கள். தோட்டக்காரர் பூவை ஏற்றி அனுப்பும் மினி லாரியின் டீசலிலும் வரி இருக்கிறது. பூ விலையிலிருந்து அது கழிந்து, கூலியிலும் கொஞ்சம் கழிகிறது. அவருக்கு யாரும் 'படிவம் 16' கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இதில் டாஸ்மாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். மது விற்பனை வழியே தமிழ்நாடு அரசுக்கு வரும் வரி வருவாய் 2024-25இல் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மகளிர் உரிமைத்தொகைக்கு அப்போது ஆண்டுக்கு ஆனது ஏறத்தாழ 13,800 கோடி. குடிப்பவர் எல்லோரும் உரிமைத்தொகை வாங்குகிற வீட்டு ஆண்கள் இல்லை என்பது சரிதான். ஆனால் கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போகிற ஆளின் வீட்டில் அன்றைக்கு இரவு உலையில் எது குறைகிறது, யார் வயிறு குறைகிறது என்று தெரியாதவர்கள் இல்லை. ஒரு குவார்ட்டர் பாட்டில் விலையில் பெரும்பகுதி வரி. அந்த வரியைக் கட்டியவர் என்று கணக்கில் கணவர் பெயர்கூட வராது. அதைத் தாங்கியவளோ அடகுக்கடையில் தோடு வைத்தவள். அரசாங்கம் அவள் வீட்டிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கை அவள் பேரில் வங்கியில் போடுகிறது. அதைப் பார்த்து ஓசி என்கிறோம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. "திட்டத்தைக் காட்டி ஓட்டு வாங்குவது லஞ்சம் இல்லையா?" மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நம் பக்கத்து ஊர்ப் பேரில் ஒரு தீயவழக்கம் நாடெங்கும் அறியப்பட்டது. வாக்காளர் பட்டியலோடு கவரில் பணம் வீடு தேடி வரும். அந்தப் பணம் யாருடையது என்று தெரியாது, எந்தச் சட்டத்திலும் அது இல்லை. வாங்கினவருக்கு அது ஒரு கடன். கொடுத்தவர் கேட்கிற ஒரே ஒரு நாளில் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். உரிமைத்தொகையில் இது எதுவும் இல்லை. சட்டமன்றத்தில் நிதி ஒதுக்கி, விதி வகுத்து, எதிர்க்கட்சிக்கு வாக்களித்தவருக்கும் வாக்களிக்கவே போகாதவருக்கும் ஒன்றுபோலச் சேர்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று பேசுவது திருமங்கலம் கவருக்குத்தான் மரியாதை சேர்க்கும். உரிமை என்று பெயர் வைத்த அரசே அதன் தலையில் ஒரு தலைவரின் பெயரையும் ஏற்றியிருக்கிறது. மேடையில் பேசும்போது அது அண்ணன் வைக்கும் சீர்வரிசையாக மாறிவிடுகிறது. உரிமைக்கு எதற்கு நன்றி? இந்தக் குழப்பத்தில் ஆள்பவர்களுக்கும் பங்கு உண்டு.

திட்டத்தைப் பார்த்து வாக்களிப்பதே இழிவு என்றால், 2025 பிப்ரவரி 1 நிதிநிலை அறிக்கையை என்ன சொல்வது? ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்கள் புதிய முறையில் வருமான வரி கட்ட வேண்டாம் என்றார் நிர்மலா சீதாராமன். அதனால் அரசு இழப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ரூபாய் என்றும் அவரே சொன்னார். 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தபோது விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்பட்டது 1,45,000 கோடி. யாரும் ஓசி என்று சொல்லவில்லை. "அது என் காசு, என்னிடமே இருக்கிறது, இது என் காசு, அவளிடம் போகிறது" என்பார்கள். அந்த முதல் 'என் காசு' எங்கே விளைந்தது? இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் பொறியாளரின் சம்பளத்துக்குப் பின்னால் அரசு கொடுத்த நிலமும் மின்சாரமும் சாலையும் இருக்கின்றன. அவர் படித்த கல்லூரியும், ஒருவேளை மாட்டுத்தாவணிப் பூவில் வந்த வரியும் இருக்கின்றன. நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நம் பிள்ளைகள் குளிரூட்டிய அறையில் இலவசமாக உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அது நமக்கு இலவசம் என்று தோன்றுவதில்லை. அதே சாலையின் மேலே 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலத்தில் கார்கள் போகின்றன, கீழே நிறுத்தத்தில் பெண்கள் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இரண்டுமே பொதுப்பணம்தான். பாலத்தில் போகிறவரிடம் யாரும் ஓசியா என்று கேட்பதில்லை.

இந்தச் சிந்தனை இன்று புதிதாக முளைத்ததில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பெண்ணிய வகுப்புகளில் படித்திருப்போம். 'பெண்களின் அடிமைநிலை' பற்றி 1869இல் எழுதியவர், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் நெடுங்காலம் ஊழியம் பார்த்தவரும்கூட. அவர் 1861இல் பிரதிநிதித்துவ அரசு பற்றி எழுதிய நூலில் மூன்று விஷயங்களைச் சொல்கிறார். வரி எதுவும் கட்டாதவருக்கு வாக்கு கூடாது, ஏனென்றால் மற்றவர் பணத்தைச் செலவழிக்க அவர் கை நீளும். பொது நிவாரணம் வாங்குகிறவருக்கு வாக்கு கூடாது. கல்வி கூடியவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் தரலாம். பெண்ணுக்கு வாக்குக் கேட்ட அதே மனிதர்தான் இதையும் எழுதினார். அவர் முட்டாள் இல்லை. தேயிலை, சர்க்கரை வழியாக ஏழைகளும் வரி கட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அப்படிக் கட்டுவது கட்டுபவருக்கு உறைப்பதில்லை, அதனால் பொறுப்புணர்வு வராது என்று நினைத்தார். ஒவ்வொருவரும் சிறு தொகையாவது நேரடியாகக் கட்ட ஏற்பாடு செய்யலாம் என்றும் யோசனை சொன்னார். கே.கே. நகர் நடைபாதையில் நாம் கேட்பது மில்லின் வாதம்தான். அவருடைய தயக்கங்களை மட்டும் காணோம்.

மில் தவறவிட்ட ஒன்றைப் பெண் வாக்குரிமை வரலாறே காட்டிக்கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பெண்கள் சிலர் 'வாக்கு இல்லையேல் வரி இல்லை' என்று போராடினார்கள். பஞ்சாப் அரச குடும்பத்தில் வந்த சோஃபியா துலீப் சிங் அவர்களில் ஒருவர். வரி கட்ட மறுத்ததற்காக அவருடைய நகை பறிமுதலானது. துணிச்சலான போராட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பறிமுதல் செய்ய நகை உள்ளவர்களால் மட்டுமே அதை நடத்த முடியும். 1918இல் அங்கே வாக்குரிமை கிடைத்தபோது முப்பது வயதைக் கடந்த, தன் பேரிலோ கணவன் பேரிலோ சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. 1921இல் நம் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. இந்திய மாகாணங்களில் முந்திக்கொண்டது நாம்தான் என்று பெருமையாகச் சொல்வோம். அதிலும் ஆணுக்கு இருந்த அதே சொத்து, வரித் தகுதி பெண்ணுக்கும் இருந்தது. தன் பேரில் நிலமுள்ள பெண்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1935 சட்டம் அதைச் சற்று விரித்தது. கையெழுத்துத் தெரிந்த பெண்ணுக்கும், கணவனுக்குச் சொத்துத் தகுதி இருந்தால் மனைவிக்கும் வாக்கு உண்டு என்றது. கூலிக்கு நாற்று நட்டவளும் சித்தாளும் அப்போதும் வெளியே. அவர்கள் உள்ளே வந்தது அரசமைப்பின் 326ஆம் பிரிவு வழியாகத்தான். வரி கட்டியிருக்கிறாயா, படித்திருக்கிறாயா என்று கேட்பதை நிறுத்திய பிறகுதான் பெண்களில் பெரும்பாலோர் குடிமக்களானார்கள். "படிக்காததுங்க ஓட்டு" என்று இன்று ஒரு பேராசிரியை சலித்துக்கொண்டால், அவருடைய பாட்டி வாக்களிக்க வந்த கதவைத்தான் அவர் மூடச் சொல்கிறார்.

கதவு மூடவில்லை, ஆனால் பழைய கேள்வி வேறு இடத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2021 தேர்தல் அறிக்கையில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றிருந்தது. 2023 மார்ச்சில் அன்றைய நிதியமைச்சரும் மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினருமான பழனிவேல் தியாகராஜன் நிதிநிலை அறிக்கையை வாசித்தபோது, 'தகுதிவாய்ந்த' குடும்பத் தலைவிகள் என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது. செப்டம்பரில் திட்டம் தொடங்கும்போது தகுதிக்கு அளவுகோல்கள் வந்தன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், வீட்டில் வருமான வரி கட்டுபவர் இருக்கக் கூடாது. பணம் அளவானது, தேவை அதிகமானவர்களுக்கு முதலில் போகட்டும் என்பது நிர்வாகக் கணக்கில் சரியாக இருக்கலாம். ஆனால் உரிமை என்று பேரை வைத்துவிட்டு அதன் வாசலில் தகுதி என்று பலகை மாட்டினால், வாங்குகிறவள் ஏழை என்று நிரூபித்தவள் ஆகிறாள், வாங்காதவள் கொடுக்கிறவள் ஆகிவிடுகிறாள். 'நாம் கட்டுகிறோம், அவர்கள் வாங்குகிறார்கள்' என்று பெண்களை இரண்டாகப் பிரிக்கும் கோட்டை அரசாணையே போட்டுக்கொடுத்தது. கட்டணமில்லாப் பேருந்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஏறுகிற பெண் பேராசிரியையா பூப் பறிக்கிறவளா என்று நடத்துநர் கேட்பதில்லை. மாதம் 800 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு சொன்ன அந்தத் திட்டத்தை எனக்கு அதிகம் பிடிப்பதற்கு, மிச்சமாகும் காசைவிட இதுவே காரணம். நம்மில் பலர் அந்தப் பேருந்தில் ஏறுவதில்லை என்பது வேறு கதை.

இன்னொரு கசப்பான இடத்தையும் தாண்டியாக வேண்டும். 'எங்க வரி' என்று அடுக்குமாடியில் ஒருவர் சொன்னால் நமக்குச் சுடுகிறது. "தமிழ்நாடு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்பி வருகிறது" என்று நம் தலைவர்கள் சொன்னால் கைதட்டுகிறோம். வாதத்தின் எலும்பு இரண்டிலும் ஒன்றே. கூடுதலாகக் கட்டியவருக்குக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்றால் பீகாரில் வயலில் நிற்கும் பெண்ணுக்கு ஏன் போக வேண்டும்? எனக்கு இந்த 29 காசு வாதம் ஒப்பவில்லை. நிதிக்குழுப் பங்கீட்டில் தென்மாநிலங்கள் குறைந்துகொண்டே போவது பற்றி வேறு நல்ல வாதங்கள் இருக்கின்றன. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்பது அதில் ஒன்று. அந்தக் கட்டுப்பாட்டின் பாரத்தைச் சுமந்தது பெண்களின் உடல் என்பதால் அது நம் வாதமும் ஆகும். ஆனால் 'நான் கட்டினேன், எனக்கே கொடு' என்று ஆரம்பித்தால் பூப் பறிக்கிறவளிடம்தான் போய் முடியும்.

மாநிலத்தின் வழக்கு உண்மையில் எங்கே வலுவாக நிற்கிறது என்பதை அடுத்த ஆண்டு நடந்தது காட்டியது. சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதன் வழியே தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. 2025-26 தொடங்கியபோது, கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காட்டுச் சேர்க்கையும் உரிய நேரத்தில் நடக்காமல் நின்றது. ஆறு வயதுப் பிள்ளை என்ன வரி கட்டியது, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது? அந்தப் பிள்ளையின் பங்கு யாருடைய நல்லெண்ணத்துக்கும் கட்டுப்பட்டதாக இருக்கக் கூடாது என்பதே சொல்ல வேண்டிய வாதம். தமிழ்நாடு எவ்வளவு கட்டியது என்ற பேச்சே அதற்குத் தேவையில்லை.

வரி என்பதைக் கொடை என்று எண்ணிக்கொள்வதில்தான் தடுமாறுகிறோம் என்று எனக்குப் படுகிறது. கொடை எப்படியிருக்கும் என்பதற்கு மதுரையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஜனவரியில் யா. கொடிக்குளத்து அரசுப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவதற்கு வங்கி ஊழியரான ஆயி என்கிற பூரணம் அம்மாள் தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். பல கோடி ரூபாய் மதிப்புள்ள இடம். மறைந்த மகள் ஜனனியின் நினைவாகக் கொடுத்தார். அந்த ஆண்டு குடியரசு நாளில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது தந்தார். கொடுத்தவர் விரும்பிக் கொடுத்தார், மகளின் பெயரை அங்கே வைக்கக் கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கொடாமலும் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்தப் பள்ளியில் வகுப்பறை கட்டுவதும், ஆசிரியருக்குச் சம்பளம் தருவதும், காலையில் உப்புமா போடுவதும் வேறு வகைப் பணம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதும் இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். அந்தப் பணத்தில் யார் பெயரும் எழுத முடியாது. அந்தத் தட்டில் இருக்கும் உப்புமாவில் என் வருமான வரி எத்தனை பருக்கை, வலையன்குளத்துக்காரரின் சோப்பு வரி எத்தனை பருக்கை என்று பிரிக்கவும் முடியாது. வரி கட்டியதற்காக நாம் எதிர்பார்க்கிற நன்றி, பூரணம் அம்மாளைப் போன்றவர்களுக்குச் சேர வேண்டியது.

இந்த வாதத்தில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் 'நம்ம வரி' என்று சொல்கிற பெண்ணின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான். பெரும்பாலான நடுத்தர வீடுகளில் வரி கட்டுவது கணவர் அல்லது மகன். அவளிடம் பான் அட்டை இருக்கலாம், அதில் கணக்குக் காட்ட வருமானம் இருக்காது. முதுகலை முடித்து இருபது ஆண்டாக வீட்டில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியிலும் லேடி டோக்கிலும் பாத்திமாவிலும் அவர்களுடைய பழைய குழுப் புகைப்படங்கள் கிடக்கும். வருமான வரி கட்டும் குடும்பம் என்பதால் அவளுக்கு உரிமைத்தொகை இல்லை. வருமான வரி கட்டுபவள் அவள் இல்லை என்பதால் பீரோ சாவியும் இல்லை. தேர்தல் முடிவைப் பார்த்து அவளுக்கு வருகிற கோபத்தில், இன்னொருத்திக்கு மாதம் ஆயிரம் ரூபாய் யாரையும் கேட்காமல் செலவழிக்கக் கிடைக்கிறதே என்ற பொறாமையும் கலந்திருக்கலாம். இருந்தால் அது நியாயமான பொறாமை என்றே சொல்வேன். கோபத்தை மட்டும் தப்பான வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அரசாணையில் குடும்பம் என்பது ஒற்றை ஆள். ஒருவர் வரி கட்டினால் எல்லோரும் கட்டியதாகக் கணக்கு. விண்ணப்பம் தள்ளுபடியான பெண்கள் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய இ-சேவை மையங்களில் வரிசையில் நின்றபோது இது வெட்டவெளிச்சமானது. மகன் வெளியூரில் வேலை பார்ப்பான், வரித் தாக்கல் செய்திருப்பான். அவன் அனுப்பும் பணம் அப்பாவின் கணக்குக்கு வரும், அல்லது வராது. ஆனால் ரேஷன் அட்டையில் அவன் பெயர் இன்னும் அம்மா பெயரோடு இருக்கும். அதனால் அம்மா தகுதியற்றவள். மகன் பெயரை அட்டையிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள் என்று கம்ப்யூட்டரில் இருப்பவர் சொல்வார். அவனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அந்த அம்மா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள்.